ரப்பர் படகின் ஏர் ஃப்ளோருக்கு எந்தப் பம்பு வாங்கலாம்?

பெங்களூரில் காற்றடைக்கும் டிங்கி, அதாவது சின்ன ரப்பர் படகு, வாங்க நினைப்பவர்கள் படகைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பார்கள். எத்தனை அடி நீளம், துணி பிவிசியா ஹைப்பலானா, எத்தனை குதிரைசக்தி மோட்டாரைத் தாங்கும், லிஃப்டுக்குள் நுழையுமா என்றெல்லாம் கேட்பார்கள். பம்பைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. பெட்டிக்குள் ஒன்று வருமே, அது போதாதா என்று விட்டுவிடுவார்கள். பலகைத் தரை உள்ள படகுக்கு அது போதும். பலகைக்குப் பதில் காற்றடைத்து விறைக்க வைக்கும் தரை, அதாவது உயர் அழுத்த ஏர் ஃப்ளோர், உள்ள படகுக்குப் பல நேரம் போதாது. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி கபினி பக்கமோ கிருஷ்ணராஜசாகர் பின்நீர்ப் பக்கமோ போய் இறங்கிய பிறகு, காலுக்கடியில் தரை தொளதொளவென்று கிடந்தால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்கப் பம்பைப் பற்றித்தான்.

முதலில் அந்தத் தரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரணப் பைக்குள் காற்றை அடைத்தால் அது தலையணை மாதிரி உப்பிவிடும். ஏர் ஃப்ளோர் உப்பாமல் பலகைபோலத் தட்டையாக நிற்பதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் நூல்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் ஒரே நீளத்தில் பிணைத்திருக்கும். இதைத்தான் டிராப் ஸ்டிட்ச் என்கிறார்கள். காற்று இரண்டு துணிகளையும் விலக்கப் பார்க்கும், நூல்கள் இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறிதான் தரையின் விறைப்பு. யோசனை ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் குட்இயர் நிறுவனம் 1956இல் இதே வகைத் துணியைக் கொண்டு காற்றடைத்துப் பறக்கும் ஒரு சிறிய விமானத்தையே செய்து பறக்கவிட்டது. இறக்கையே காற்றால் விறைத்து நின்றது என்றால், நாலு பேர் நிற்கும் படகுத் தரை நிற்காதா?

நிற்கும், ஆனால் சொன்ன அழுத்தம் உள்ளே இருந்தால் மட்டும். டிங்கிகளின் ஏர் ஃப்ளோருக்குப் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 பார் வரை அழுத்தம் கேட்பார்கள், டயருக்குச் சொல்லும் பிஎஸ்ஐ கணக்கில் 10 முதல் 11.6. அதே படகின் பக்கவாட்டு டியூப்களுக்கு 0.2 முதல் 0.25 பார் போதும். தரைக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். பாதி அழுத்தத்தில் விட்டால் என்ன ஆகும்? எழுந்து நின்றவுடன் பாதம் புதையும். மோட்டாரை முடுக்கினால் படகின் அடிப்பகுதி அலையோடு சேர்ந்து நெளியும். தரைக்கு அடியில், படகின் நடுவே நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழாயான கீல் (keel) இருக்கும் படகுகளில், அந்தக் கீலைக் கீழ்நோக்கித் தள்ளி அடிப்பகுதிக்கு வி வடிவம் தருவதே விறைத்த தரைதான். தரை தளர்ந்தால் கீலும் நேராக நிற்காது. படகு நீரின் மேலெழுந்து சறுக்குவதற்குப் பதிலாக நீரைத் தள்ளிக்கொண்டே போகும். பெட்ரோல் செலவு ஒரு பக்கம், குழந்தை நிற்கும்போது தரை வழுக்கி மடிவது இன்னொரு பக்கம். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

இனி கணக்கு. இதைச் செய்து பார்த்துவிட்டால் எந்தப் பம்பு என்பது பாதி முடிவாகிவிடும். 2.7 மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். டியூபின் விட்டம் 40 செ.மீ. என்றால் டியூப்களின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 800 லிட்டர். தரை 2 மீட்டர் நீளம், 65 செ.மீ. அகலம், 7 செ.மீ. தடிப்பு என்றால் வெறும் 91 லிட்டர். டியூபில் போகும் காற்றோடு ஒப்பிட்டால் தரையில் போவது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சக் காற்றை இறுக்கித் திணிக்க வேண்டும். 91 லிட்டர் தரையை 0.8 பாருக்குக் கொண்டுபோக, வடிவத்துக்கு வரும்வரை 91 லிட்டர், அதற்கு மேல் இறுக்குவதற்கு இன்னும் 80 லிட்டர், ஆக மொத்தம் 171 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். இந்தக் கணக்கு பெங்களூர்க் காற்றுக்கு. கடற்கரையில் இது கொஞ்சம் குறையும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, டியூபுக்கு வேண்டியது நிறையக் காற்றைச் சீக்கிரம் தள்ளும் பம்பு. தரைக்கு வேண்டியது கொஞ்சக் காற்றை அழுத்தித் தள்ளும் பம்பு. இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே பம்பு இரண்டையும் செய்யும் என்று கடைக்காரர் சொன்னால், எப்படிச் செய்யும் என்று கேட்க வேண்டும்.

படகோடு வரும் கால் பம்பு

பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது பெலோஸ் வகைக் கால் பம்பு. மிதிக்க மிதிக்க விரிந்து சுருங்கும். டியூபுக்கு இது நல்ல பம்பு, இடுப்பு வலிக்காது. தரைக்கு எடுத்தால் ஒரு கட்டத்தில் மிதி இறங்கவே இறங்காது, அல்லது இறங்கும், காற்று உள்ளே போகாது. மிதிக்கும் பரப்பு பெரிது என்பதால் அழுத்தம் ஏற ஏற நம் எடையே போதாமல் போகிறது. இதன் மேல் அழுத்த வரம்பை அச்சிட்டிருப்பார்கள். 0.3 பார் என்று போட்டிருந்தால் அது தரைக்கு உதவாது, அவ்வளவுதான். சில பம்புகளில் ஒரு திருகியைத் திருப்பினால் அழுத்தும் பரப்பு குறைந்து வரம்பு உயரும். உங்களுடையது அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம், டியூபுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கைப் பம்பு

என் பார்வையில் ஏர் ஃப்ளோர் வைத்திருக்கும் எல்லாரிடமும் கட்டாயம் இருக்க வேண்டியது இதுதான். மின் பம்பு வாங்கியவர்களிடமும் இருக்க வேண்டும். ஆனால் கைப் பம்பு என்று எதையாவது வாங்கிவிடக் கூடாது. பார்க்க வேண்டியது குழாயின் விட்டத்தை.

அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் நம் கை கொடுக்க வேண்டிய விசை கிடைத்துவிடும். பிஸ்டனின் விட்டம் 10 செ.மீ. என்றால் 0.8 பாரில் கைப்பிடியை இறக்க ஏறக்குறைய 64 கிலோ எடை வேண்டும். ஒரு சராசரி ஆள் முழு உடம்போடு அதன் மேல் தொங்கினால்தான் இறங்கும். ஒல்லியான பெண்ணுக்கோ பதினாறு வயசுப் பையனுக்கோ இறங்காது. 7 செ.மீ. என்றால் 31 கிலோ. 5 செ.மீ. என்றால் 16 கிலோதான். கையை நேராக நீட்டி உடம்பை லேசாகச் சாய்த்தாலே போதும். பெரிய குழாய் வேகமானது என்று விற்பார்கள். ஆரம்பத்தில் வேகம்தான். தரைக்கு வேண்டியது கடைசிக் கட்டம், அந்தக் கட்டத்தில் ஒல்லிக் குழாய்தான் ஜெயிக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒல்லிக் குழாயால் அடிக்கவும் முடியாது. 5 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. ஓட்டமும் உள்ள பம்பு ஒரு தள்ளலுக்கு ஒரு லிட்டர் மாதிரிதான் கொடுக்கும். 171 லிட்டருக்கு அத்தனை முறை தள்ள வேண்டும், கசிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே முதல் பாதியை, தரை வடிவத்துக்கு வரும்வரை, பெரிய பம்பாலோ கால் பம்பாலோ அடித்துவிட்டு, இறுக்கும் பாதிக்கு மட்டும் ஒல்லிக் குழாயை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் டபுள் ஆக்ஷன் பம்பு ஒன்று வாங்கலாம். மேலே இழுக்கும்போதும் காற்றுத் தள்ளும், கீழே அழுத்தும்போதும் தள்ளும். பக்கத்தில் ஒரு மூடியோ நெம்பியோ இருக்கும். அதைத் திறந்தால் இழுக்கும்போது சும்மா வரும், அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும். இழுப்பதற்கு நம் முதுகும் தோளும் பாடுபட வேண்டும், அழுத்துவதற்கு எடை உதவும். 0.4 பார் தாண்டியதும் மாற்றிவிடுங்கள். பலரும் அந்த மூடி எதற்கு என்றே தெரியாமல் கடைசிவரை இழுத்துத் தள்ளி, மறுநாள் தோள்பட்டை வலி என்கிறார்கள்.

இரட்டைக் குழாய்ப் பம்புகளும் உண்டு. காற்றடைத்த பலகையின் மேல் நின்றுகொண்டு துடுப்புப் போடும் துடுப்புப் பலகைக்காரர்கள் பயன்படுத்துவது. இரண்டு குழாயும் சேர்ந்து நிரப்பும், கடைசியில் ஒன்றை அணைத்துவிடலாம். விலை கூடுதல், எடையும் கூடுதல். மாதம் இரண்டு முறை போகிறவருக்கு அந்த விலை தகும்.

அடிக்கும் விதமும் முக்கியம். இரண்டு காலாலும் பம்பின் அடிக்கட்டையை மிதித்துக்கொண்டு, முழங்கையை மடக்காமல், இடுப்பிலிருந்து சாய்ந்து உடம்பு எடையால் இறக்க வேண்டும். புஜத்தால் அடித்தால் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவோம். மண் தரையில் பம்பின் அடிக்கட்டை புதையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டு எடுத்துப் போகலாம்.

12 வோல்ட் மின் பம்பு

காரோடு கரைவரை போகிறவர்களுக்கு இதுதான் சுகம். ஆனால் வாங்கும்போது இரண்டு ஸ்டேஜ் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். முதல் ஸ்டேஜில் மின்விசிறி மாதிரி ஒன்று நிறையக் காற்றைத் தள்ளும், அழுத்தம் வராது. இரண்டாவது ஸ்டேஜில் சின்ன பிஸ்டன் கம்ப்ரசர் தடதடவென்று ஓடும், காற்று மெதுவாகப் போகும், அழுத்தம் ஏறும். மெத்தைக்கும் நீச்சல் குளப் பொம்மைக்கும் விற்கும் மின் பம்புகளில் முதல் ஸ்டேஜ் மட்டும்தான். அதை ஏர் ஃப்ளோரில் வைத்தால் சத்தம் வரும், கேஜ் அசையாது. விலை குறைவு என்று ஏமாந்துவிட வேண்டாம். பெட்டியில் 0.8 பார் அல்லது 12 பிஎஸ்ஐக்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். சரியாக 0.8 பாரோடு நிற்கும் பம்பை வாங்கினால் எப்போதும் அதன் கடைசி வரம்பில் ஓட்டுகிறோம் என்று பொருள், கொஞ்சம் கூடுதல் வரம்பு இருப்பது நல்லது.

மின்சாரம் வேறு பிரச்சினை. துடுப்புப் பலகைக்கான சிறிய பம்பு 110 வாட் என்றால் 9 ஆம்பியர் சுற்றில் இழுக்கும். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடும். டிங்கிக்கென்றே செய்த பெரிய பம்புகள் அதைவிட நிறைய இழுக்கும், பேட்டரியில் நேரே கவ்வும் கிளிப்போடுதான் வரும். அதை லைட்டர் சாக்கெட்டில் சொருக வழி செய்தால் ஃப்யூஸ் போகும். காரின் கையேட்டில் சாக்கெட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று இருக்கும், பம்பு வாங்கும் முன் அதைப் பாருங்கள். ஓடும்போது எஞ்சினை ஓட விடுங்கள். அணைக்கட்டுப் பக்கத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டியைத் தள்ளுவதற்கு ஆள் கிடைக்காது.

சூடு இன்னொன்று. பிஸ்டன் ஓடினால் காற்றும் குழாயும் சுடும். பல பம்புகள் இருபது நிமிடம் ஓடினால் அதே அளவு ஓய்வு கேட்கும். தரை மட்டும் என்றால் இது பிரச்சினையே இல்லை. வடிவம் வந்த பிறகு வேண்டிய 80 லிட்டரை நிமிடத்துக்கு 70 லிட்டர் தள்ளும் ஸ்டேஜ், அழுத்தம் ஏற ஏற வேகம் குறைந்தாலும், சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் டியூப், கீல், தரை மூன்றையும் இதிலேயே அடிப்பேன் என்றால் பம்பு திணறும். டியூபைக் கால் பம்பில் ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தரைக்கு மின் பம்பைப் போட்டால் இருவரும் ஒரே நேரத்தில் முடிக்கலாம்.

பம்பில் 0.8 என்று வைத்துவிட்டால் தானாக நின்றுவிடும் வசதி நல்லதுதான். அதை நம்பி நகர்ந்து போய்விடக் கூடாது. காற்றுச் சூடாக இருக்கும்போது அந்த அளவைக் காட்டும், ஆறினால் குறையும்.

டயர் பம்பும் பெட்ரோல் பங்க்கும்

இந்த யோசனை எல்லாருக்கும் வரும். காரில் ஏற்கெனவே டயர் பம்பு இருக்கிறது, 100 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும், 10 பிஎஸ்ஐ என்ன பெரிய விஷயம்? உண்மைதான், தள்ளும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் டயர் பம்பு, வடிவம் வந்த தரையை இறுக்குவதற்கான 80 லிட்டரை மூன்று நான்கு நிமிடத்தில் தந்துவிடும். காலித் தரையிலிருந்து ஆரம்பித்தாலும் பெரிய நேரம் ஆகாது. ஏர் ஃப்ளோர்களில் பெரும்பாலும் இருப்பது ஹால்கி ராபர்ட்ஸ் வகை ஸ்பிரிங் வால்வு. அதில் டயர் பம்பின் மூக்கு நுழையாது. ஒரு பக்கம் அந்த வால்வில் திருகிப் பொருந்தி மறுபக்கம் டயர் வால்வு போல இருக்கும் அடாப்டர் வேண்டும். பெங்களூர்க் கடைத்தெருக்களான எஸ்பி ரோட்டிலோ ஜேசி ரோட்டிலோ நேரில் தேடுவதைவிட இணையத்தில் வாங்குவது சுலபம். வாங்கும்போது உங்கள் வால்வின் படத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிக்கல் அளவில்தான். 150 பிஎஸ்ஐ வரை காட்டும் முள் கேஜில் 10 என்பது ஆரம்பத்தில் ஒரு சின்னக் கோடு. அங்கே முள் துல்லியமாகக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. டிஜிட்டல் வகை பரவாயில்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவது குழாயின் அழுத்தம், நிறுத்திய பிறகு காட்டுவதுதான் தரையின் அழுத்தம். அருகிலேயே நின்று, நிறுத்தி நிறுத்திப் பார்த்து அடித்தால் டயர் பம்பு ஒரு நல்ல மூன்றாவது வழி. கையில் உள்ளதை வைத்துச் சமாளிக்க நினைப்பவருக்கு நான் இதைத் தடுக்க மாட்டேன்.

பெட்ரோல் பங்க், பஞ்சர் கடை இரண்டையும் தடுப்பேன். அல்சூர் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் தெரிந்தவர் ஒருவர் தரையைக் கொண்டுபோய் வைத்தபோது நானும் கூட இருந்தேன். கடைக்கார அண்ணன் நம்ம ஆள்தான், வேலூர்ப் பக்கம். "எவ்ளோ சார் அடிக்கணும்?" என்றார். "பத்துணா" என்றார் இவர். "பத்தா? சைக்கிளுக்கே நாப்பது அடிப்போமே சார். இவ்ளோ பெருசுக்கு ஒரு முப்பதாவது போட்டாத்தான் நிக்கும்." அவர் மேல் குற்றமில்லை. டயரைத்தான் அவருக்குத் தெரியும், டயருக்கு முப்பது சரிதான். ஆனால் 0.5 பாரில் இருக்கும் தரையை 0.8க்குக் கொண்டுபோக 30 லிட்டர் காற்றே போதும். டேங்கில் காற்றை அழுத்தி வைத்திருக்கும் பெரிய கம்ப்ரசருக்கு அது சில நொடி வேலை. கை எடுக்கும் முன் இரட்டிப்பாகிவிடும். நூல்கள் ஒரு இடத்தில் அறுந்தால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். அதைத் திரும்பத் தட்டையாக்க வழியே கிடையாது. ஒட்டுப் போட்டுச் சரிசெய்யும் ஓட்டை அல்ல அது, தரையே போயிற்று என்று பொருள். அன்றைக்கு அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டுத் தரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

கையடக்க பேட்டரிப் பம்புகளும் இப்போது நிறைய வருகின்றன. டயருக்குச் செய்தவை. டயர் பம்புக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். காற்று இன்னும் மெதுவாக வரும் என்பதால், கைப் பம்பால் அடித்த தரைக்குக் கடைசி ஒன்றிரண்டு பிஎஸ்ஐ ஏற்ற மட்டும் எடுக்கலாம்.

வீட்டிலேயே அடித்துக்கொண்டு போகலாமா?

இது பெங்களூர்க்காரர்களுக்கே உரிய கேள்வி. வீட்டில் மின்சாரம் இருக்கிறது, மாடியில் இடம் இருக்கிறது. தரையை மட்டும் அடித்து, பிக்கப் வண்டியிலோ கார் கூரையிலோ கட்டிக்கொண்டு போனால் கரையில் வேலை மிச்சம் என்று நினைப்பார்கள். நான் வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் இந்த ஊரின் உயரம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்று மண்டலத்தின் அழுத்தமே 0.91 பார்தான், சென்னையில் 1.01. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். இங்கே 0.8 என்று அடைத்த தரையை ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் கீழே இறக்கிக் கோவளம் கடற்கரைக்குக் கொண்டுபோனால், ஒரு துளிக் காற்றும் கசியாமலே கேஜ் 0.7 காட்டும். கிருஷ்ணகிரி அணைக்கே போனாலும் 0.05 பார் குறையும். கடற்கரை வெயிலில் சூடேறினால் கொஞ்சம் திரும்ப ஏறலாம், அதை நம்பி இருக்க முடியாது. கசிவு என்று நினைத்து வால்வைப் பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பவர்களும் உண்டு. எதிர்த்திசையில் இது ஆபத்து. சென்னையில் 0.8க்கு அடைத்ததைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் 0.9. ஊட்டி உயரத்துக்கு ஏற்றினால் ஒரே வெப்பநிலையில் 1 பாரைத் தாண்டும். மலை ஏறுகிறவர்கள் தரையைத் தளர்த்திவிட்டுத்தான் ஏற வேண்டும்.

வெப்பமும் இதே வேலையைச் செய்யும். 25 டிகிரியில் 0.8க்கு அடைத்த தரை, வெயிலில் கிடந்து 55 டிகிரிக்குச் சூடேறினால் 0.97 ஆகிறது. சாம்பல் நிறத் தரையை மதிய வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அவ்வளவு சூடேறுவது சாதாரணம். டியூப்களில் சிலவற்றுக்கு மிகை அழுத்தத்தை வெளிவிடும் வால்வு இருக்கும், எல்லாத் தரைக்கும் இருக்காது. மாறாக, மொட்டை மாடியில் 40 டிகிரியில் அடித்ததை 24 டிகிரித் தண்ணீரில் போட்டால் 0.71க்கு இறங்கிவிடும்.

ஆகவே தரையின் அழுத்தத்தைத் தண்ணீர் ஓரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். படகைத் தண்ணீரில் போட்டு, பத்து நிமிடம் விட்டு, மறுபடி பார்த்து ஒன்றிரண்டு தள்ளல் தள்ள வேண்டும். அங்கே பம்பு கையில் இருக்க வேண்டும். காரைக் கரையோரம்வரை விடாத இடங்களில் மின் பம்பு அந்த நேரத்துக்கு உதவாது. கைப் பம்பு எல்லாரிடமும் இருக்க வேண்டும் என்று முன்னால் சொன்னதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் அடிப்பதால் ஒரு நன்மை உண்டு, அது சோதனை. சீசனுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாடியில் அடித்து, காலையில் பார்த்து, வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். அதுவும் இரவுக் குளிரில் அழுத்தம் இறங்கும், காலை வெயிலில் ஏறும் என்பதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேஜ், வால்வு, வாஷர்

கைப் பம்பில் உள்ள கேஜைப் புரிந்துகொள்ளாமல் பலர் பம்பையே மாற்றுகிறார்கள். ஆரம்பத்தில் எவ்வளவு அடித்தாலும் முள் பூஜ்ஜியத்திலேயே கிடக்கும். தரை நிரம்பும்வரை எதிர்ப்பு இல்லை, அதனால் அளவும் இல்லை. சில கேஜ்கள் 5, 7 பிஎஸ்ஐ வரை அசையவே அசையாது, பிறகு சட்டென்று ஏறும். தள்ளும் அந்த நொடியில்தான் முள் நிற்கும், நிறுத்தினால் விழும். சந்தேகமாக இருந்தால் தனியாக ஒரு குறை அழுத்தக் கேஜ், 1 பார் அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுவது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பம்பு வைத்திருந்தாலும் அதனால் பலன் உண்டு.

வால்வின் நடுவில் இருக்கும் சின்னக் குச்சியைப் பாருங்கள். அழுத்தித் திருப்பினால் உள்ளே தங்கும், அது காற்றை வெளியேற்றும் நிலை. இன்னும் ஒருமுறை அழுத்தித் திருப்பினால் வெளியே எழும், அதுதான் அடிக்கும் நிலை. குச்சி உள்ளே இருக்கும்போது அடித்துவிட்டுக் குழாயைக் கழற்றினால் இவ்வளவு நேரம் அடித்த காற்று முழுக்க உஸ்ஸென்று வெளியேறிவிடும். அடிக்கும் முன் விரலால் தொட்டுப் பார்ப்பது இரண்டு நொடி வேலை.

பம்புக் குழாயின் நுனியில், வால்வுக்குள் பொருந்தும் இடத்தில், ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். கழற்றும்போது வால்வுக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கரைமணலில் விழும், தொலையும். அதற்குப் பிறகு எந்தப் பம்பாலும் வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டுபோக முடியாது. பக்கவாட்டில் காற்று வெளியேறும் சத்தத்தைக் கேட்டால் முதலில் வாஷரைத் தேடுங்கள். இரண்டு மூன்று உபரி வாஷர்களை அடாப்டரோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

வருடத்துக்கு ஒருமுறை இருமுறை போகிற குடும்பம் என்றால், பெட்டியில் வந்த கால் பம்பு டியூபுக்கு, ஒல்லிக் குழாயோ டபுள் ஆக்ஷனோ உள்ள ஒரு கைப் பம்பு தரைக்கு. இதைவிட அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. இருவர் மாற்றி மாற்றி அடித்தால் தரை சிரமமில்லாமல் ஏறிவிடும்.

மாதம் இருமுறையாவது போகிறவர், மோட்டார் வைத்து ஓட்டுகிறவர், முதுகு வலியோ வயதோ உள்ளவர் என்றால் இரண்டு ஸ்டேஜ் மின் பம்பு வாங்கலாம். காரின் ஃப்யூஸைப் பார்த்து, சாக்கெட்டில் ஓடுவதா பேட்டரியில் கவ்வுவதா என்று முடிவு செய்யுங்கள். கூடவே மலிவான ஒரு கைப் பம்பு, கடைசித் தள்ளலுக்கு.

ஏற்கெனவே டயர் பம்பு வைத்திருப்பவர் அடாப்டரும் தனிக் கேஜும் வாங்கினால் செலவு மிகக் குறைவு, அருகில் நின்று பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

படகே இன்னும் வாங்காதவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அபார்ட்மென்டில் பலகைத் தரையை நிறுத்தி வைக்க இடம் இருந்து, காரில் நீளமான பலகைகள் போகும் என்றால், மரப்பலகை அல்லது அலுமினியத் தரைப் படகையும் பாருங்கள். கனம் கூடும், மாட்டுவதற்கு நேரம் ஆகும், ஆனால் அழுத்தத் தலைவலி இல்லை. லிஃப்டில் ஒரே பையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் ஏர் ஃப்ளோரை விட்டால் வேறு வழியில்லை.

அடிக்கும் வரிசையை உங்கள் படகின் கையேட்டின்படி செய்யுங்கள். பெரும்பாலான படகுகளில் தரையை உள்ளே விரித்து வைத்து, டியூப்களை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் அடித்து, பிறகு தரையை முழு அழுத்தத்துக்கு ஏற்றி, அதன் பின் கீல், கடைசியாக டியூப்களை முழுமையாக்குவார்கள். டியூபை முதலிலேயே விறைக்க அடித்துவிட்டால் தரை ஓரங்களில் போய்ப் பொருந்தாது. இறுகிய பிறகு உருட்டித் தள்ளி நேராக்கவும் முடியாது. கையேட்டில் தரைக்கும் டியூபுக்கும் கீலுக்கும் போட்டிருக்கும் பார் அளவுகளை மார்க்கர் பேனாவால் பம்பின் மேலேயே எழுதி வைத்தால், கரையில் அடிக்கிற யாருக்கும் கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்காது. லைஃப் ஜாக்கெட்டுகளை, படகு கரையில் கிடக்கும்போதே, பம்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாரும் மாட்டிக்கொள்ளட்டும். அணைகளில் படகு இறக்குவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.